உள்குழாய்

புதுமடம்
10 பிப்ரவரி 2025, திங்கள்

அய்யாவுக்கு உமையாள் எழுதுவது.

வேல்ராஜ் அண்ணனின் மீன் வண்டியில் இந்தப் பையைக் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே நான்கு சட்டைகள் இருக்கின்றன. எல்லாம் முன்பக்கம் முழுக்கப் பொத்தான் வைத்தவை. தலை வழியாகப் போடுகிற பனியன் எதையும் வைக்கவில்லை. மூச்சுவிடக் கழுத்தில் வைத்திருக்கிற குழாயில் மாட்டிக்கொள்ளும் என்று அம்மா சொன்னாள்.

இந்தக் காலத்தில் யார் காகிதத்தில் எழுதுகிறார்கள் என்று நினைப்பீர்கள். டச் போன் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறது. இங்கே கோகிலா அக்காவின் பட்டன் போன்தான். அதில் பேசத்தான் முடியும். போன வாரம் அம்மா உங்கள் காதில் போனை வைத்தாள். நான் "அய்யா" என்றேன். உங்கள் பக்கமிருந்து ஸ்ஸ், ஸ்ஸ் என்று காற்று மட்டும் வந்தது. கரையில் நீங்கள் மீன் ஏலம் விட்டால் உச்சிப்புளி ரயில்வே கேட் வரைக்கும் கேட்கும் என்று ஊரே கேலி செய்த குரல். நான் போனை வைத்துவிட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று அக்காவிடம் சொன்னேன். லைன் கட்டாகவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். மீன் முள் சிக்கியதும் சோற்று உருண்டை கொடுத்தது யார் என்று டாக்டர் கேட்டாராம். "நானே முழுங்கினேன்" என்று நீங்கள் சிலேட்டில் எழுதிக் காட்டினீர்களாம். அம்மா சொன்னாள். ஏன் அப்படி எழுதினீர்கள்? அக்கா பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அம்மா ஆர்.எஸ்.மங்கலம் போயிருந்தாள். வீட்டில் நீங்களும் நானும்தான் இருந்தோம். முள்ளுவாளை மீன் குழம்பு வைத்தது நான். முள் தொண்டையில் நின்றதும் சோற்றை உருட்டி, மெல்லாமல் முழுங்குங்கள் என்று கொடுத்ததும் நான். அந்த உருண்டைதான் முள்ளைக் கீழே தள்ளி, உணவுக்குழாயில் குத்த வைத்து, கழுத்துக்குள் சீழ் பிடிக்க வைத்தது. டாக்டர் திட்ட வேண்டியது என்னை. உங்களை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வர முடியவில்லை. ஆடு சினையாக இருக்கிறது. எந்த நேரம் குட்டி போடும் என்று தெரியாது.

உமையாள்


மதுரை, ஆஸ்பத்திரி
12 பிப்ரவரி

உமையா,

நலமா, நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கிறது வழக்கம். கழுத்துல ஒரு ஓட்டை, மூக்குல ஒரு ட்யூபு, இதுல என்ன நலம். அந்த வரிய விட்டுட்டேன். பேப்பரை வயித்துமேல வச்சு எழுதுறேன். கோணலாத்தான் இருக்கும், கண்டுக்கிடாத.

சட்டை வந்துச்சு. நீலக் கட்டம் போட்டதை மாட்டிக்கிட்டேன். பக்கத்துக் கட்டில்காரன், "என்ன மாமா, பொண்ணு பாக்கக் கிளம்பிட்டியளா?"ங்குறான். அவனுக்குக் காதுல ஆபரேசன். தலையைச் சுத்திக் கட்டுப் போட்டிருக்கு. எனக்குப் பேச்சு வராது, அவனுக்குக் கேக்காது. அதனால ரெண்டு பேரும் சண்டை இல்லாமப் பழகுறோம்.

இங்கன சஃபான்னு ஒரு பிள்ள வருது. தேவிபட்டினம். உன்னைவிட ரெண்டு வயசு கூட இருக்கும். டாக்டருக்குப் படிக்கல, நர்சுக்கும் படிக்கல. ஆபரேசன் தியேட்டர் வேலைக்குப் படிக்குது. டாக்டர் கை நீட்டுறதுக்கு முன்னாடியே அடுத்து எந்தச் சாமான் வேணும்னு தெரிஞ்சு எடுத்து நீட்டணுமாம். இப்ப அதுக்குக் காது மூக்கு தொண்டைப் பக்கம் பழக்கம். பரீட்சை வருதுன்னு என் கட்டில் பக்கத்துல உக்காந்து சாமான் பேரையெல்லாம் ஒப்பிக்கும். "குறுக்க பேசாம கேக்குற ஒரே ஆள் நீங்கதான் அய்யா"ங்குது. வாய்க்கொழுப்பப் பாத்தியா.

என் ஆபரேசன் அன்னைக்கு இதுவும் உள்ள நின்னுச்சாம். வாய் வழியா வெளிச்சம் போற இரும்புக் குழாயை விட்டு, முதலை வாய் மாதிரி நீட்டமான இடுக்கியால டாக்டர் முள்ளைப் பிடிச்சாராம். "இத்துனூண்டு முள்ளு, இம்மாம்பெரிய மனுசனைச் சாச்சுப்புட்டுதே"ன்னு சிரிச்சுச்சு. சிரிச்சுப்புட்டு, "சோத்த உருட்டிக் குடுத்த புண்ணியவான் யாரு அய்யா?"ன்னு கேட்டுச்சு. நான் விரலை என் நெஞ்சுல வச்சுக் காட்டுனேன்.

நீ கேட்டதுக்கும் அதுதான் பதில். உருண்டை வேணும்னு கேட்டது நான். நீ சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ள, குடுத்த. இதுல உன் தப்பு எங்கன இருக்கு? வேலையைப் பாரு.

சினை ஆட்டைக் கோகிலா பாத்துக்கிடுவா. ஞாயித்துக்கிழமை நீ வா.

செல்லச்சாமி


புதுமடம்
15 பிப்ரவரி, சனி

அய்யாவுக்கு,

உங்கள் கடிதத்தை அக்கா சத்தமாக வாசித்தாள். காது கேட்காதவர் கதைக்குச் சிரித்தாள். பிள்ளையும் எதற்கென்று தெரியாமல் சிரித்தது. சஃபா கேட்ட கேள்வி வந்ததும் அக்கா வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். அப்புறம் தாளை மடித்து என்னிடம் தந்துவிட்டாள்.

நீங்கள் உருண்டை கேட்கவில்லை. எனக்கு நன்றாக நினைவு இருக்கிறது. நீங்கள் இருமினீர்கள். விரலைத் தொண்டையில் வைத்துக் காட்டினீர்கள். நான் பானையிலிருந்து சோற்றை அள்ளி உருட்டினேன். நீங்கள் வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள். "முழுங்குங்க அய்யா, போயிரும்" என்றேன். முழுங்கினீர்கள். முகம் கோணியது. அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். இன்னொன்று உருட்டினேன். அதற்கும் தலையை ஆட்டினீர்கள். அப்புறம் ஒரு வாழைப்பழத்தையும் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் இருக்கிறது. அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

நீங்கள் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. அது எனக்கு உதவியாக இல்லை, அய்யா. இங்கேயும் எல்லோரும் அப்படித்தான் இருக்கிறார்கள். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் எனக்கு முதலில் குடம் வைக்க இடம் விடுகிறார்கள். "பாவம், பச்சப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்" என்கிறார்கள். எனக்குப் பதினேழு வயது. யாராவது ஒருவர், நீதான் செய்தாய் என்று சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும்.

ஆடு இன்னும் குட்டி போடவில்லை. இந்த வாரமும் வர முடியாது.

கரையில் இப்போது முனீஸ்வரன் மாமாதான் ஏலம் விடுகிறார். அவர் குரல் நம் வீடு வரைக்கும் வருவதில்லை.

உமையாள்


மதுரை, ஆஸ்பத்திரி
18 பிப்ரவரி

உமையா,

ஆடு குட்டி போடாம உன்னையப் பிடிச்சு வச்சிருக்குன்னு நம்பிட்டேன். வேல்ராஜ் வேற மாதிரிச் சொன்னான். ஆடு போன புதன்கிழமையே ரெண்டு குட்டி போட்டு, குட்டி துள்ளி விளையாடுதாம். சரி, விடு.

சஃபா நேத்து மாத்திரை அட்டைப்பெட்டியப் பிரிச்சு அதுல என் கழுத்தை வரைஞ்சு காட்டுச்சு. நாம கழுத்துக்குள்ள ஒரே ஒரு குழாய் இருக்குன்னுல்ல நெனைக்கிறோம். ரெண்டு இருக்குது. முன்னால காத்துக்கு, பின்னால சோத்துக்கு. காத்துக்குழாய் உச்சியிலதான் குரல் இருக்கு. குரல்னா தந்தி கம்பி மாதிரி ஏதோன்னு நெனச்சேன். ஐஸ் கம்பெனி கேட்டு மாதிரி ரெண்டு கதவாம். மூச்சு விடுறப்ப தொறக்கும், பேசுறப்ப ரெண்டும் வந்து நடுவுல சேரும். எனக்கு வலது கதவு வருது. இடது கதவு வராம அப்படியே நிக்குது.

அந்தக் கதவை இழுக்க ஒரு நரம்பு இருக்கு. அது போற போக்கக் கேளு. தலையிலருந்து இறங்குது. குரலுக்குப் பக்கத்துலயே வருது. நிக்காமப் போய், நெஞ்சுக்குள்ள இறங்கி, பெரிய ரத்தக்குழாயைச் சுத்தி, திரும்ப மேல ஏறி அப்புறம்தான் குரலுக்கு வருது. உன் அம்மாவை உச்சிப்புளிக்கு அனுப்புனா ராமநாதபுரம் போய் சுத்திட்டு வருவாள்ல, அந்த மாதிரி. திரும்பி ஏறும்போது ரெண்டு குழாய்க்கும் நடுவுல இருக்குற இடுக்குலதான் ஏறுது. சீழ் பிடிச்சது அந்த இடுக்குல. நரம்பு செத்துப்போச்சா, மயங்கிக் கெடக்கான்னு ஆறு மாசம் போனாத்தான் தெரியுமாம். டாக்டர் சொன்னதை அது எனக்கு வரைஞ்சு வெளக்குச்சு.

இப்ப விசயத்துக்கு வாரேன். மூக்கு ட்யூபை எடுத்தாச்சு. கஞ்சி வாயால எறங்குது. என்னைய வீட்டுக்கு அனுப்பலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா கழுத்துக் குழாய் கொஞ்ச நாளைக்கு இருக்கணும். அது ரெண்டு குழாய், ஒன்னுக்குள்ள ஒன்னு. வெளிக்குழாயை நாடா போட்டுக் கழுத்தோட கட்டியிருக்கும், அதைத் தொடக்கூடாது. உள்குழாயை மட்டும் காலையும் சாயந்தரமும் கழட்டிக் கழுவி, கொதிதண்ணியில போட்டெடுத்து, ஆறுனதும் மாட்டணும். சளி அடைச்சுக்கிட்டா மூச்சு நின்னுரும். அதனால வீட்டுல ஒரு ஆளு இங்க வந்து நர்சம்மாகிட்டக் கத்துக்கிட்டு, செஞ்சு காட்டணும். அப்பத்தான் அனுப்புவாக.

உன் அம்மா நேத்துப் பழகுனா. குழாயைக் கழட்டுனாக. நான் ஒரு இருமல் இருமுனேன். அவ்வளவுதான், அமுதவள்ளி கீழ கெடக்கா. எனக்குப் பாத்துக்கிட்டிருந்த வைத்தியத்தை விட்டுட்டு எல்லாரும் அவளுக்குத் தண்ணி தெளிக்கிறாக. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேங்குறா. நானே கண்ணாடி பாத்துக் கழட்டலாம்னா இருமல் வந்தா கை நிலைக்கல.

கோகிலா அறுவடைக்குத் திரும்பிப் போகணும். மிச்சம் நீதான். வா ஆத்தா.

செல்லச்சாமி


புதுமடம்
21 பிப்ரவரி, வெள்ளி

அய்யாவுக்கு,

ஆட்டைப் பற்றிப் பொய் சொன்னதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஒன்று கிடா, ஒன்று பெட்டை.

என்னால் முடியாது.

அக்காவும் திட்டிவிட்டாள். "ஏண்டி, அய்யா அங்கன கெடக்காக, நீ இங்கன ஆட்டுக்குட்டிக்கு முத்தங்குடுத்துக்கிட்டு இருக்க. எனக்குப் புள்ள இருக்கு, வயல் கெடக்கு. உனக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள். எனக்குக் கை இருக்கிறது அக்கா, அதுதான் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. நான் எதையும் நினைத்த நேரத்தில் சொன்னதில்லை.

என் கையை உங்கள் கழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுவர எனக்குப் பயமாக இருக்கிறது. கழுவுகிறேன் என்று எதையாவது கீழே போட்டால்? கோணலாக மாட்டினால்? மூச்சு நின்றுவிடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு தடவை நல்லது என்று நினைத்துச் செய்ததுதான் இப்படி முடிந்தது. அன்றைக்கும் நான் அவசரப்படவில்லை, விளையாட்டாகச் செய்யவில்லை. கவனமாகத்தான் உருட்டினேன். கவனமாகச் செய்தும் அப்படி ஆனது என்றால் இந்தக் கையை எப்படி நம்புவது?

அம்மா இன்னொரு தடவை முயற்சி செய்யட்டும். வெறும் வயிற்றில் இருந்திருப்பாள், அதனால்தான் மயக்கம் வந்திருக்கும்.

உமையாள்


மதுரை, ஆஸ்பத்திரி
23 பிப்ரவரி

உமையா,

உன் அம்மா இட்லி நாலு தின்னுட்டுத்தான் மயங்குனா.

கையில என்ன இருக்கு? அது ஒரு பாவமும் பண்ணல. முள்ளு சிக்குனா உருண்டை முழுங்குறது ஊருல எல்லாரும் செய்யறதுதான். எங்க ஆத்தாவும் எனக்குக் குடுத்திருக்கு. அப்பல்லாம் எறங்கிப் போச்சு, இந்தத் தடவை போகல. எனக்கு உம்மேல ஒரு மனத்தாங்கலும் கெடையாது. சத்தியமாக் கெடையாது. எல்லாத்தையும் மறந்துட்டேன், நீயும் மறந்துரு.

சஃபாகிட்ட உன்னையப் பத்திச் சொன்னேன். சிலேட்டுல எழுதித்தான். "வரச் சொல்லுங்க அய்யா, நான் கூட நிக்கிறேன், முத நாள் தியேட்டர்ல எனக்கும் கத்திரி கை நழுவி விழுந்துச்சு, எங்க தியேட்டர் நர்ஸ் அக்கா என்னைய வெளிய போன்னுட்டாக"ன்னுச்சு. சிரிச்ச முகமாச் சொல்லுது.

புதன்கிழமை வேல்ராஜ் வண்டியில ஏறி வா. முன்சீட்டுல இடம் வைக்கச் சொல்லியிருக்கேன்.

செல்லச்சாமி


புதுமடம்
25 பிப்ரவரி, செவ்வாய்

அய்யாவுக்கு,

மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வாசித்த பிறகு என்னால் வர முடியாது என்பது எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது. நீங்கள் நிஜமாகவே மறந்திருந்தால் சத்தியம் என்று எழுதியிருக்க மாட்டீர்கள். ஏலத்தில் யாராவது சத்தியம் செய்தால் மீன் பழசு என்று நீங்கள்தானே சொல்வீர்கள்.

அக்காவும் நானும் பேசி ஒரு வழி கண்டுபிடித்தோம். சிக்கல் ஊரில் சித்தப்பா மகன் தனுஷ் அண்ணன் கட்டியிருக்கிற சத்யப்பிரியா மதினி நர்ஸ்தானே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. அக்கா போன் போட்டுக் கேட்டுவிட்டாள். "பெரிய மாமாவை இங்க கொண்டாந்து விடுங்க, நான் பாத்துக்கிடுறேன்" என்று மதினி உடனே சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் நேராகச் சிக்கலுக்கே போய்விடலாம். ஆறு மாதமோ, எவ்வளவு நாளோ, அங்கேயே இருக்கலாம். அம்மாவும் கூட இருப்பாள். படித்தவள் கையில் நீங்கள் நன்றாக இருப்பீர்கள்.

நான் இங்கே ஆடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்குத் தனியாக இருக்கப் பயம் இல்லை.

குழாய் எடுத்த பிறகு நீங்கள் வீட்டுக்கு வாருங்கள். அதுதான் எல்லோருக்கும் நல்லது.

உமையாள்


மதுரை, ஆஸ்பத்திரி
27 பிப்ரவரி

உமையாள்,

சிக்கலுக்கு நான் போகப் போறதில்லை. சத்யப்பிரியா நல்ல பிள்ள. ஆனா நான் அங்கன போய்க் கெடந்தா நீ உன் பாட்டுக்கு உன்னையவே தின்னுக்கிட்டு அந்த வீட்டுல தனியா இருப்ப. நான் அங்கன இருந்துக்கிட்டு உன்னைய மனசுக்குள்ள திட்டிக்கிட்டுக் கெடப்பேன். ரெண்டும் சரிப்படாது.

ஆமா. திட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீ கேட்டுக்கிட்டே இருந்தீல்ல, வாங்கிக்க.

நான் உருண்டை கேக்கல. நீதான் குடுத்த. வேணாம்னு தலைய ஆட்டுனேன், நீ விடல. மொத உருண்டை எறங்கும்போதே முள்ளு உள்ள திரும்புனது எனக்குத் தெரிஞ்சுச்சு. ரெண்டாவது உருண்டைய நீ நீட்டும்போது தட்டிவிட்டிருக்கணும். தட்டிவிட்டா நீ வாடிப்போவன்னு முழுங்குனேன். அது என் கிறுக்குத்தனம்.

நீ எழுதக் கை வரலைன்னியே, அதையும் நானே எழுதுறேன். சோறு எறங்காம, எச்சி எறங்காம, நான் பாயில உக்காந்துக்கிட்டு ஆட்டோக்கார அய்யப்பன் வீட்டுப் பக்கம் கையக் காட்டுனேன். ஆட்டோவக் கூப்பிடுன்னு. உனக்குப் புரிஞ்சுச்சு. வாசலுக்குப் போன. அங்கன அவனும் கூட்டாளிகளும் கேரம்போர்டு ஆடிக்கிட்டு இருந்தானுக. நீ வாசப்படியில நின்ன. ஒரு கால வெளிய வச்ச. திரும்பி வந்து, "அய்யப்பன் அண்ணன் இல்ல அய்யா"ன்ன. அவன் சிரிக்கிற சத்தம் எனக்கு உள்ள வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு உமையா. என் போன் எங்கயோ கெடந்துச்சு. அதையும் நான் தேடிருக்கலாம். நானும் விடிஞ்சாச் சரியாப் போயிரும்னு படுத்துட்டேன். மறுநாளும் அப்படியே போச்சு. கழுத்து வீங்கி, உன் அம்மா வந்து கத்துன பெறகுதான் வண்டி வந்துச்சு.

நாலு ஆம்பளைக நிக்கிற எடத்துல வாயத் தொறக்க உனக்கு வராதுன்னு எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துல எந்திரிச்சு வாசிக்கச் சொன்னதுக்கு வாய் வராம பத்தாவதுல பாதியில நின்ன பிள்ள. அன்னைக்கு நான் பள்ளிக்கூடம் வந்து வாத்தியாரம்மாவ எல்லாரு முன்னாலயும் சத்தம் போட்டதுல, நீ அந்தப் பக்கமே போக முடியாமப் போச்சு. அது என் கணக்கு. அதுக்காக இதுக்குக் கோபம் வராம இருக்கா? வருது. ராவும் பகலும் வருது. அய்யாவோட உசுரு போகுது, இவளுக்கு அந்த நேரத்துலயும் கூச்சமான்னு வருது. கத்தணும் போல இருக்கு. கத்துறதுக்குத்தான் குரல் இல்லையே. அதனால பொய்யா எழுதி எழுதி, பாசமா எழுதி எழுதி, நெஞ்சு அடைச்சுப் போச்சு. கழுத்துக் குழாயில அடைச்சாலாவது கழுவலாம்.

சஃபா நேத்து, "ஏன் அய்யா ரெண்டு நாளாச் சிரிக்கவே மாட்டேங்குறிய?"ன்னுச்சு. சிலேட்டுல எழுதுனேன், என் மக மேல கோபம்னு. அது வாசிச்சுட்டு, "அல்ஹம்துலில்லாஹ், இப்பத்தான் நோயாளி மாதிரி இருக்கிய"ங்குது. அந்தப் பிள்ளைக்கு மரியாதையே கெடையாது.

நீ வந்து குழாயக் கழுவு. உன் கை நல்ல கைன்னு நான் சொல்லல. கோபம் போயிருச்சுன்னும் சொல்லல. போகல. ஆனா கழுவ வேண்டியது நீ. நீ கழுவுறதை நான் பாக்கணும். வேற ஆளு வேணாம்.

வரலைன்னா வராத. நான் இந்தக் கட்டில்லயே கெடக்கேன்.

அய்யா


புதுமடம்
5 மார்ச் 2025, புதன்

அய்யாவுக்கு,

நீங்கள் வெள்ளிக்கிழமை வருகிறீர்கள். அதற்குள் வீட்டை மெழுகி, தண்ணீர் கொதிக்க வைக்கத் தனிப் பாத்திரம் வாங்கி, உங்கள் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட வேண்டும் என்று மதுரையிலிருந்து நேற்றே திரும்பி வந்துவிட்டேன். இனி இரண்டு நாளில் பார்க்கப் போகிறோம். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் என்னால் இதைச் சொல்ல முடியாது. நீங்களும் பதில் சொல்ல முடியாது.

உங்கள் கடிதத்தை நான் அக்காவுக்கு வாசிக்கக் கொடுக்கவில்லை. ஆட்டுக் கொட்டிலில் உட்கார்ந்து வாசித்தேன். அய்யப்பன் அண்ணன் சிரித்த சத்தம் உங்களுக்குக் கேட்டது என்ற இடம் வந்ததும் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டது என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பொய் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துத்தான் உங்கள் முன்னால் வரப் பயந்தேன். தெரிந்துகொண்டே நீங்கள் என்னை வா, வா என்று கூப்பிட்டிருக்கிறீர்கள்.

வார்டுக்குள் நான் வந்ததும் நீங்கள் சிரிக்கவில்லை. அது எனக்கு நல்லதாக இருந்தது. நீங்கள் இளைத்திருந்தீர்கள். கழுத்துக் குழாய்க்கு மேல் போட்டிருந்த ஈரத்துணி மூச்சுக்கு மூச்சு தூக்கித் தூக்கி விழுந்தது.

முதலில் நர்ஸ் அக்கா செய்து காட்டினார். பிறகு சஃபா ஒரு துணியை விரித்து, உள்குழாய், தூரிகை, துணிநாடா எல்லாவற்றையும் எடுக்கிற வரிசையில் அடுக்கி வைத்தாள். "கண்ணை மூடிக்கிட்டு எடுத்தாலும் அடுத்தது கையில வரணும், இதுதான் எங்க வேலையோட ரகசியம்" என்றாள். என் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு, "நடுங்கட்டும், முழங்கையை மட்டும் கட்டில்ல ஊனிக்க. முழங்கை நின்னா விரல் நிக்கும்" என்றாள். ஊன்றிக்கொண்டேன். விரல் நின்றது.

கழற்றினேன். நீங்கள் இருமினீர்கள். சளி என் கன்னத்தில் தெறித்தது. அம்மா வராண்டாவுக்கு ஓடிவிட்டாள். நான் ஓடவில்லை. கழுவினேன், கொதிநீரில் போட்டேன், ஆறவிட்டேன். திரும்ப மாட்டும்போதுதான் வளைவைத் தவறுதலாக மேல்பக்கமாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் என் புறங்கையில் ஓர் அடி வைத்தீர்கள். சுள்ளென்று. நர்ஸ் அக்கா பதறிப்போய், "என்ன பெரியவரே, கத்துக்க வந்த பிள்ளைய அடிக்கிறீங்க" என்றார். காதுக் கட்டுப் போட்டவர் கூட எட்டிப் பார்த்தார். சஃபா மட்டும், "அய்யாவுக்கு என் பாடம் நல்லா ஏறியிருக்கு" என்றாள். நான் குழாயைத் திருப்பிப் பிடித்தேன். மாட்டினேன். பூட்டைத் திருகினேன். உங்கள் மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது. என் மணிக்கட்டில் சூடாகப் பட்டது.

அடித்த இடம் கொஞ்ச நேரம் சிவந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது அதைத் தடவிக்கொண்டே வந்தேன். குழாயடியில் இடம் விட்ட பெண்களும் ஊரும் எனக்குச் செய்யாததை நீங்கள் செய்தீர்கள்.

உங்கள் குரல் வரும் என்று நான் எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. வரவில்லை என்றால் அதற்குக் காரணம் நான்தான். அதை யாரும் மாற்றிச் சொல்ல வேண்டாம்.

இன்னும் ஒன்று. நான் முதலில் கை வைத்தபோது உங்கள் கழுத்து விறைத்தது. வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது, நாடாவுக்கு அடியில் இருந்த என் விரலுக்குத் தெரிந்தது. மாலையில் செய்தபோதும் விறைத்தது. மறுநாள் காலையிலும் விறைத்தது. அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். காலையிலும் மாலையிலும் நான் வந்து கை வைப்பேன். என்றைக்காவது அது தளர்ந்தால் எனக்கு எழுதிக் காட்ட வேண்டாம், அய்யா. எனக்கே தெரியும்.

உமையாள்